ஜெனித் பலூன், 1875: கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆக்சிஜன்

1875 ஏப்ரல் 15, வியாழக்கிழமை, காலை 11.35. பாரிஸின் லா வில்லெத் எரிவாயு ஆலையிலிருந்து ‘ஜெனித்’ என்ற பலூன் மேலே கிளம்பியது. கூடையில் மூன்று பேர். கப்பலோட்டியாக இருந்து பலூனோட்டியான தியோடர் சிவெல், பொறியாளர் ஜோசப் க்ரோசே-ஸ்பினெல்லி, அறிவியல் எழுத்தாளர் காஸ்தோன் திஸ்ஸாந்தியே. மாலை நான்கு மணிக்கு அதே கூடை, பாரிஸிலிருந்து சுமார் 250 கி.மீ. தள்ளி, சிரோன் என்ற ஊருக்கு அருகே தரையில் மோதி நின்றது. திஸ்ஸாந்தியே மட்டும் உயிரோடு இருந்தார். மற்ற இருவரின் முகம் கறுத்திருந்தது, வாயில் ரத்தம் நிறைந்திருந்தது.

அவர்கள் ஆக்சிஜன் இல்லாமல் போகவில்லை. மூன்று பைகளில் ஆக்சிஜன் கலந்த காற்றை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ரப்பர் குழாய் பொருத்தி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சென்றிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டே இறந்தார்கள்.

ரத்தம் ஆக்சிஜனை எப்படி ஏற்றிக்கொள்கிறது, எங்கே எப்படி இறக்கிவைக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பலூன்தான். ஆக்சிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ரத்தம் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் பாடப்புத்தகத்தின் வளைகோட்டைப் பார்த்தபோது மனப்பாடம்தான் செய்தேன். திஸ்ஸாந்தியேவின் குறிப்பேட்டைப் படித்தபோதுதான் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று புரிந்தது.

அன்று நடந்தது

இவர்கள் விவரம் தெரியாமல் கிளம்பியவர்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1874 மார்ச்சில் சிவெலும் க்ரோசேயும் பாரிஸில் உடலியல் பேராசிரியர் பால் பெர்ரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்பு அறைக்குள் உட்கார்ந்தார்கள். 7,000 மீட்டருக்கு மேல் எவ்வளவு காற்றழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து, உடல் என்ன ஆகிறது என்று அனுபவித்துப் பார்த்தார்கள். பார்வை மங்கியதும், ஆக்சிஜனை இழுத்தவுடன் அது தெளிந்ததும் அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். அதே மாதம் பலூனில் ஏறி, ஆக்சிஜனை முகர்ந்தபடி 7,300 மீட்டர் வரை போய்ப் பத்திரமாகத் திரும்பியும் இருந்தார்கள்.

ஆகவே 1875 பயணத்தை அடுத்த படியாகத்தான் நினைத்தார்கள். பைகளில் 70 சதவீத ஆக்சிஜன் கலவை. ஆனால் பைகள் சிறியவை. மூன்று பேர் தொடர்ந்து சுவாசித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ‘உண்மையிலேயே தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று முடிவு செய்தார்கள். க்ரோசே இதைப் பற்றிப் பெர்ருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த உயரத்தில் மூன்று பேருக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 20 லிட்டராவது வேண்டும், உங்கள் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் தீரும் பாருங்கள் என்று பெர் பதில் எழுதினார். பலூன் கிளம்புவதற்குள் அந்தப் பதில் போய்ச் சேரவில்லை.

பிற்பகல் ஒரு மணிக்கு 5,000 மீட்டரைத் தாண்டியிருந்தார்கள். 7,000 மீட்டரை ஒட்டித் திஸ்ஸாந்தியே கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்தார். உடம்பெல்லாம் உயிர் வந்ததுபோல இருந்தது. ‘ஆக்சிஜன் சுவாசிக்கிறேன். அருமையான பலன்’ என்று குறிப்பேட்டில் எழுதினார். எழுதிவிட்டுக் குழாயை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகான வரிகளைத் தான் இயந்திரம்போல எழுதியதாகவும், எழுதியது சரியாக நினைவில் இல்லை என்றும் பின்னால் சொன்னார். ‘கைகள் விறைத்துவிட்டன. நான் நன்றாக இருக்கிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.’ அதையடுத்துச் சிவெல் கண்களை மூடுகிறார், க்ரோசேயும் மூடுகிறார் என்று வருகிறது. 1.25க்கு, காற்றழுத்தம் 300 மி.மீ. (அழுத்தமானியில் பாதரசம் நிற்கும் உயரம்) என்று குறித்துவிட்டு, ‘சிவெல் மணலைக் கொட்டுகிறார்’ என்பதை இரண்டு முறை எழுதியிருக்கிறார். அந்தக் கடைசிச் சொற்கள் படிக்கவே முடியாத கிறுக்கல்.

சிவெல் மணலைக் கொட்டிய அந்தக் கணம்தான் இந்த நிகழ்வின் திருப்பம். அப்போது உயரம் சுமார் 7,450 மீட்டர். மணல் நிறைய இருக்கிறது, கொட்டட்டுமா என்று சிவெல் கேட்டார். உங்கள் விருப்பம் என்றார் திஸ்ஸாந்தியே. க்ரோசே தலையை மட்டும் ஆட்டினார். சிவெல் கத்தியை எடுத்து மூன்று கயிறுகளை அறுத்தார். மூன்று மூட்டை மணலும் கொட்டியது, பலூன் வேகமாக மேலே போனது. அந்த நேரத்தில் ஒருவரும் குழாயை வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

சில நிமிடங்களில் பாதரசம் 280 மி.மீ.க்கு இறங்கியது. 8,000 மீட்டர். அதைக் கத்திச் சொல்ல நினைத்தார் திஸ்ஸாந்தியே, நாக்கு அசையவில்லை. குழாயைப் பிடிக்க நினைத்தார், கை எழவில்லை. மனம் மட்டும் தெளிவாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. பிறகு கண்ணை மூடி விழுந்தார்.

2.08க்கு அவருக்கு நினைவு வந்தபோது பலூன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் கூடைக்குள் மயங்கிக் கிடந்தார்கள். அவர் மறுபடி சாய்ந்தார். சிறிது நேரத்தில் க்ரோசே விழித்து, அவரை உலுக்கி, கீழே விழுகிறோம் என்று சொல்லி, கையில் கிடைத்த கனமான கருவியையும் போர்வைகளையும் வெளியே எறிந்தார். பலூன் இரண்டாம் முறையாக மேலே போனது. 3.30 வாக்கில் திஸ்ஸாந்தியே மீண்டும் கண் திறந்தபோது, நண்பர்கள் இருவரும் இறந்திருந்தார்கள். கூடையில் வைத்திருந்த மூடிய அழுத்தக் குழல்களைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். பலூன் எட்டிய மிகக் குறைந்த அழுத்தம் சுமார் 262 மி.மீ. என்று தெரிந்தது. உயரத்தில் சொன்னால் ஏறக்குறைய 8,600 மீட்டர்.

ரத்தத்துக்குள் என்ன நடந்தது

8,600 மீட்டரில் ஆக்சிஜன் ‘இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. அங்கேயும் காற்றில் அதன் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். பால் பெர் வாழ்நாளெல்லாம் அழுத்திச் சொன்னது இதைத்தான். உயரத்தில் உடலைத் தாக்குவது காற்றின் எடைக்குறைவு அல்ல, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் தரும் அழுத்தம், குறைவதே. மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் மருத்துவராக இருந்த ழூர்தானே அங்குள்ளவர்களின் ரத்தம் ஆக்சிஜன் குறைந்ததுபோல நடந்துகொள்வதாக 1860களிலேயே எழுதியிருந்தார். பெர்ரின் இரும்பு அறைகளுக்குப் பணம் கொடுத்தவரும் அவர்தான். பெர் நாய்களை அந்த அறையில் வைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன் குறைவதை அளந்து காட்டினார்.

சரி, அழுத்தம் குறைந்தால் ரத்தத்துக்கு என்ன?

100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரையக்கூடிய ஆக்சிஜன் 0.3 மி.லி. மட்டுமே. அதை நம்பி ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கக்கூட முடியாது. மீதி எல்லாவற்றையும் சுமப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவில் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள், ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் கணக்கு 20 மி.லி. ஆகிறது. ரத்தத்தில் கரைவதைப்போல அறுபது மடங்குக்கும் மேல்.

பிடிப்பது மட்டும் பெருமை இல்லை. பிடித்ததை விடத் தெரியவேண்டும். அங்கேதான் அந்த நான்கு இரும்புகளின் கூட்டு வருகிறது. கல்யாணப் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் உட்காரும்வரை எல்லோரும் தயங்கி நிற்பார்கள். ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் உட்காருவார், கடைசி இலைக்குப் போட்டியே இருக்கும். எழும்போதும் அப்படித்தான், ஒருவர் இலையை மடித்தால் வரிசையே எழுந்துவிடும். ஹீமோகுளோபினில் முதல் ஆக்சிஜன் ஒட்டுவது கடினம். ஒட்டியதும் மூலக்கூறின் வடிவமே லேசாகத் திரும்பி, மற்ற மூன்று இடங்களும் ஆக்சிஜனை ஆவலோடு பிடிக்கின்றன. ஒன்று கழன்றால் மற்றவை கழல்வதும் சுலபமாகிறது. மாக்ஸ் பெருட்ஸ் பல ஆண்டுகள் எக்ஸ் கதிர்களை வைத்து அந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிந்தார். அதற்காக 1962இல் நோபல் பரிசையும் பெற்றார். அந்த வடிவத்திலிருந்துதான் இந்தத் திருப்பம் எப்படி நடக்கிறது என்று விளங்கியது.

இந்தப் பந்திக் குணத்தால், ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் ரத்தம் நிரம்பும் அளவுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. நுரையீரலை விட்டு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. அளவில் இருக்கும்போது ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கும். அழுத்தம் 60க்கு விழுந்தாலும் 90 சதவீதம் நிரம்பும். இந்தச் சமதளம்தான் நம்மை ஊட்டி, கொடைக்கானலில் கவலையில்லாமல் நடக்கவிடுகிறது. ஆனால் 60க்குக் கீழே கோடு செங்குத்தாகச் சரிகிறது. 40இல் 75 சதவீதம், 27இல் பாதி.

அந்தச் சரிவு பழுது அல்ல, திசுக்களின் நன்மைக்காகவே இருப்பது. திசுக்களுக்குள் ஓடும் மயிரிழை ரத்தக் குழாய்களான தந்துகிகளில் ஆக்சிஜன் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே ரத்தம் நிறைய ஆக்சிஜனை இறக்கிவிடும். ஓய்வில் ஒவ்வொரு 100 மி.லி. ரத்தமும் 5 மி.லி.யை இறக்கிவிட்டு, மீதி 15ஐச் சுமந்துகொண்டு திரும்புகிறது. வேலை செய்யும் தசையில் வெப்பமும் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் கூடும்போது ஹீமோகுளோபினின் பிடி இன்னும் தளர்கிறது. கார்பன் டை ஆக்சைடின் பங்கை 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியான் போர் தன் சகாக்களோடு கண்டறிந்தார். எந்தத் திசு கூடுதலாக எரிக்கிறதோ, அதுவே தன் கழிவைக் கொண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எனக்கு உடலியலில் இதைவிட அழகான ஏற்பாடு வேறொன்று தெரியாது.

இப்போது ஜெனித்துக்கு வருவோம். மூச்சுக்குழலில் நுழையும் காற்றை உடல் முதலில் நீராவியால் ஈரமாக்குகிறது. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். பாரிஸ் தரையில் 760இல் 47 போனால் 713, அதில் 21 சதவீதம் ஏறக்குறைய 150 மி.மீ. ஆக்சிஜன். 8,000 மீட்டரில், 280இல் 47 போனால் 233, ஆக்சிஜன் 49 மி.மீ.

இந்த 49உம் முழுதாக ரத்தத்துக்குக் கிடைக்காது. நுரையீரலின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடும் இடம் கேட்கிறது. நமக்கு இயல்பாக அது 40 மி.மீ. அளவில் இருக்கும். அந்த உயரத்தில் ஒருவர் தரையில் விடுவதுபோலவே மூச்சு விட்டால், கணக்குப்படி ஆக்சிஜனுக்கு மிஞ்சுவது பூஜ்யம்தான். வேகமாக, ஆழமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளினால்தான் ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கும். உடல் அதைச் செய்ய முயல்கிறது. கழுத்துத் தமனியின் அருகே உள்ள சிறு உணரிகள் ஆக்சிஜன் குறைவதைப் பார்த்து மூச்சைத் தூண்டுகின்றன. ஆனால் கார்பன் டை ஆக்சைடு குறைந்தவுடன் ரத்தம் காரமாகிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி, போதும் நிறுத்து என்கிறது. இரண்டு கட்டளைகளும் முட்டிக்கொள்கின்றன. இரண்டே மணி நேரத்தில் மேலே போனவர்களுக்கு இந்த முட்டலைத் தீர்க்க அவகாசமே இல்லை.

ஆகவே அவர்களின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 20களின் நடுவிலோ அதற்குக் கீழேயோ விழுந்திருக்கவேண்டும் என்பது என் கணக்கு. அதாவது கோட்டின் செங்குத்துச் சரிவில், ஹீமோகுளோபினில் பாதி காலி. மூளையை விட்டு வெளியேறும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 20 மி.மீ.க்குக் கீழே போனால் நினைவு தங்காது. மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் இருந்தது. தந்துகியிலிருந்து செல்லுக்குள் தள்ளும் அழுத்தம்தான் இல்லை.

வலிக்காத ஆபத்து

இவ்வளவு நடக்கும்போது ஏன் மூச்சுத் திணறவில்லை? குளத்தில் மூழ்கியவனுக்கு வரும் அந்தத் தவிப்பு ஏன் வரவில்லை?

ஏனென்றால் அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் எழுப்புவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. பலூனில் அது சேரவில்லை, குறைந்துகொண்டே போனது. திஸ்ஸாந்தியே பின்னர் எழுதியதைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த உயரத்தில் துன்பமே தெரிவதில்லை என்கிறார். சுற்றிலும் பாயும் ஒளியே உள்ளே புகுந்ததுபோல ஒரு மகிழ்ச்சி. எதைப் பற்றியும் அக்கறை இல்லை. மேலே போகிறோம், மேலே போவதில் மகிழ்கிறோம்.

‘நாங்கள் நன்றாக இருக்கிறோம்’ என்பதை அவர் பொய்யாக எழுதவில்லை. ஆக்சிஜன் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய உறுப்பு மூளை. அதன் தீர்ப்புச் சொல்லும் திறன்தான் முதலில் போகிறது. ‘தேவைப்படும்போது எடுத்துக்கொள்வோம்’ என்ற அவர்களின் திட்டத்தின் ஓட்டை இதுதான். தேவை வந்தபோது, வந்துவிட்டது என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி நினைவிருக்கும். பேசிக்கொண்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டும் இருப்பவர்களுக்கு அது 80க்குக் கீழே காட்டியதைக் கண்டு எத்தனையோ பேர் கருவி பழுது என்று நினைத்தார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. நுரையீரல் ஆக்சிஜனை ஏற்ற முடியாமல், ஆனால் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருந்தால், திணறல் பெரிதாகத் தெரியாது. இடமும் காரணமும் வேறு, ரத்தத்தின் விதி ஒன்றே.

கணக்கைத் திருப்பிப் போட்டால்

இந்த நிகழ்வில் என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று இருக்கிறது. பலூன் எட்டிய உச்சத்தில் அழுத்தம் 262 மி.மீ. அதில் நீராவியின் 47 போனால் 215. அவர்களின் பையில் இருந்தது 70 சதவீத ஆக்சிஜன். 215இல் 70 சதவீதம் ஏறக்குறைய 150. பாரிஸ் தெருவில் நின்று மூச்சு விட்டால் கிடைப்பதும் அதே 150தான். கலவை சரியாக இருந்தது. குழாயை வாயிலிருந்து எடுக்காமல் இருந்திருந்தால், பையில் இருந்தது தீரும்வரை, அவர்களின் ரத்தம் தரையில் இருப்பதுபோலவே நிரம்பியிருக்கும். பெர் தன் அறையில் ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 248 மி.மீ. வரை, அதாவது எவரெஸ்ட் உச்சிக்கு இணையான உயரம் வரை, தானே போய் நன்றாகத் திரும்பியிருக்கிறார். அப்புறம் மிஞ்சுவது அளவுக் கேள்விதான். பை சிறிது என்றால் உயரத்தைக் குறைத்திருக்கவேண்டும். ஆக்சிஜனைச் சேமித்ததுதான் தவறு.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. 2007இல் பிரிட்டிஷ் மருத்துவர் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறியது. உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், நான்கு பேர் ஆடையைத் தளர்த்தித் தங்கள் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஷெர்பா ஒருவர் அதைச் சுமந்துகொண்டு 6,400 மீட்டர் முகாமில் இருந்த கருவிக்கு விரைந்தார். ரத்தம் எடுத்த இடத்தில் காற்றழுத்தம் 272 மி.மீ., ஜெனித்தின் உச்சத்துக்கு மிக அருகில். அவர்களின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரி 24.6 மி.மீ., ஒருவருக்கு 19.1 மட்டுமே. ஹீமோகுளோபின் நிரம்பியிருந்தது சராசரி 54 சதவீதம். மருத்துவமனையில் ஒருவருக்கு இந்த எண்கள் வந்தால் ஓடிவருவார்கள். இவர்களோ மலையில் நினைவோடு இருந்தார்கள்.

ஏறக்குறைய அதே காற்றில் சிவெலும் க்ரோசேயும் இறந்திருக்க, இவர்கள் எப்படி நினைவிழக்காமல் இருந்தார்கள்? வித்தியாசம் வாரக்கணக்கில் கிடைத்த அவகாசம். மெதுவாக ஏறியதில் சிறுநீரகம் காரத்தை வெளியேற்றி, மூச்சின்மேல் இருந்த தடையை நீக்கியிருந்தது. அதனால் கார்பன் டை ஆக்சைடை 13 மி.மீ. வரை இறக்க முடிந்தது. இறங்கிய ஒவ்வொரு மி.மீ.யும் ஆக்சிஜனுக்குக் கிடைத்த இடம். ஹீமோகுளோபின் 100 மி.லி.க்கு 19.3 கிராமாக ஏறியிருந்தது. 19.3ஐ 1.34ஆல் பெருக்கி, அதில் 54 சதவீதம் எடுத்தால் 14 மி.லி. வருகிறது. அதே 54 சதவீதம், ஜெனித் கூடையில் இருந்தவர்களுக்கு 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், 11 மி.லி.கூட வராது.

இன்று விமானப்படை வீரர்களைக் குறைந்த அழுத்த அறையில் உட்காரவைத்து, முகமூடியைக் கழற்றச் சொல்லி, கையில் காகிதமும் பென்சிலும் கொடுக்கிறார்கள். எண்களை எழுதிக்கொண்டே போகவேண்டும். கையெழுத்து கோணத் தொடங்கியது எழுதுபவருக்குத் தெரியாது. முகமூடியை மாட்டிக்கொண்டு சில விநாடிகள் கழித்துத் தன் தாளைத் தானே பார்க்கும்போதுதான் தெரியும்.

சிவெலும் க்ரோசே-ஸ்பினெல்லியும் பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறையின் மேலுள்ள சிலையில் இருவரும் ஒரே துணியைப் போர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள், கை கோத்தபடி.